தபாலில் வேண்டாம்

மூவார், ஜோகூர்
16 நவம்பர் 2023

அன்புத் தம்பி குணாளனுக்கு,

அக்கா யோகேஸ்வரி எழுதிக்கொள்வது. இல்லை, எழுதச் சொல்வது. இங்கே மழையும் நாங்களுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே நீ காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா?

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். பின்பக்க லோங்காங் வாய்க்கால் நிரம்பி மழைத்தண்ணீர் அடுப்படிக்குள் வந்துவிட்டது. அதைத் தள்ளப் போனவள் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. சின்ன முறிவுதான் என்கிறார்கள். ஆறு வாரம் மாவுக்கட்டு. விழுந்தபோதுகூட எனக்கு எண்ணெயில் கிடந்த முறுக்கின் மேல்தான் கண். "அலமாக், கைய பாரு லா, முறுக்க அப்புறம் பாக்கலாம்!" என்று உன் மச்சான் கத்தினார்.

உனக்கு எழுதாமல் ஒரு மாதமும் போனதில்லை. அவர் அண்ணன் மகன் செல்வாவை எழுதச் சொன்னேன். அந்தப் பையனுக்குத் தமிழில் தன் பெயரை எழுதுவதற்குள் வேர்த்துவிடுகிறது. கடைசியில் உன் மச்சானே பேனாவை எடுத்து, "சொல்லு, எழுதறேன்" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். "என்ன பாக்குற? அவன் குரல் இந்த வீட்ல கேக்கக் கூடாதுன்னுதான சொன்னேன். எழுத்துக்குக் குரலா இருக்கு?" என்றார். இதையும் எழுதுங்கள் என்றேன். எழுதிவிட்டார்.

கீழே புழு மாதிரி நெளிவது என் இடதுகைக் கையெழுத்து. உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
அக்கா யோகேஸ்வரி

*

அபர்தீன், ஸ்காட்லாந்து
30 நவம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் கை சீக்கிரம் கூடட்டும். மச்சானுக்கு என் வணக்கத்தைச் சொல். சொல்லாவிட்டாலும் அவர் கண்ணில் படும் என்று நினைத்து எழுதுகிறேன்.

உறையைப் பிரிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அக்கா. அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? என் பள்ளிக்கூடப் புத்தகங்களில் பெயர் எழுதிக் கொடுத்தவர். பன்னிரண்டு வருடம் ஆகிறது. அப்பாவை இரண்டு நாள் கூடத்தில் கிடத்தி எனக்காகக் காத்திருந்தீர்கள். டிக்கெட் கிடைக்கவில்லை என்றேன். மகன் வைக்க வேண்டிய கொள்ளியை மருமகன் மொட்டை போட்டு வைத்தார். அன்று மாலை நீ என்னோடு போனில் பேசும்போது, பின்னால் அவர் சொன்னது எனக்கே கேட்டது. அதன் பிறகு நான் கூப்பிடவில்லை. நீதான் கடிதம் போட ஆரம்பித்தாய்.

சரி, அதை விடு. இங்கே குளிர் இந்த வருடம் முன்னாலேயே வந்துவிட்டது. போன வாரம் குழாய்த் தண்ணீர் உறைந்து, குழாயே பிளந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஹேர் டிரையர் வைத்துச் சூடு காட்டச் சொன்னார். தலையில் முடியில்லாதவன் ஹேர் டிரையர் வாங்கப் போனால் கடைக்காரி எப்படிப் பார்ப்பாள், யோசித்துப் பார். முதியோர் இல்லச் சமையலறையில்தானே எனக்கு வேலை. அங்கேயே குளித்துக்கொண்டேன்.

மச்சான் இந்த எழுத்தைப் படிப்பாரா? எழுது.

அன்புத் தம்பி,
குணாளன்

*

மூவார்
14 டிசம்பர் 2023

அன்புத் தம்பிக்கு,

இருவரும் இருக்கிறோம். உன் வீட்டுக் குழாய் நலமா?

மாவுக்கட்டுக்குள் அரிக்கிறது. குச்சி விட்டுச் சொறியக் கூடாதாம். உன் மச்சான்தான் சமைக்கிறார். ரசம் என்று ஒன்று வைக்கிறார், அதில் கரண்டி நின்றால் விழாது. என் தலையையும் அவரே பின்னிவிடுகிறார். முப்பத்தைந்து வருடம் சீப்பைத் தொடாத மனுஷன், தான் வேலை பார்த்த பர்னிச்சர் தொழிற்சாலையில் கட்டில் கட்டக் கயிறு இறுக்குவது போல இறுக்குகிறார். மேஜை மேல் உட்காரவைத்து வார்னிஷ் அடிக்காமல் விட்டாரே என்று சொன்னேன். சிரித்தார். இப்போதெல்லாம் அதிகம் சிரிக்கிறார், குறைவாகச் சாப்பிடுகிறார். கேட்டால் காஸ்ட்ரிக் என்கிறார். இதை எழுத மாட்டேன் என்றார். எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று நிற்கிறேன்.

நீ கேட்டாயே, படிப்பாரா என்று. தெரியாது. ஆனால் உன் கடிதத்தைத் தபால்பெட்டியிலிருந்து எடுத்து வந்து மேஜையில் வைப்பவர் அவர்தான். பன்னிரண்டு வருடமும்.

தம்பி, பொங்கலுக்கு வாயேன். உனக்குத்தான் நாலு வருடம் முன்னாலேயே அங்கே தங்குவதற்கான பேப்பர் கிடைத்துவிட்டதே. இதைச் சொல்லிவிட்டு அவரைப் பார்த்தேன். தலை நிமிராமல் எழுதுகிறார்.

பிரியத்துடன்,
அக்கா யோகேஸ்வரி

பி.கு.: வரும்போது எனக்கு ஒரு சேலை வாங்கி வா. நிறம் எதுவானாலும் சரி. தபாலில் வேண்டாம். உன் கையால் கொண்டு வா.

*

அபர்தீன்
29 டிசம்பர் 2023

அன்புள்ள அக்கா,

நான் ஏதோ இருக்கிறேன். நீயும் மச்சானும் உடம்பைக் கவனியுங்கள்.

உன் கடிதத்தைப் படித்த மறுநாளே விமானக் கட்டணம் பார்த்தேன். நம்பு. பெட்டியைக்கூடக் கட்டில் மேல் எடுத்து வைத்தேன். அதற்குள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் குப்பைத்தொட்டியை வாசலுக்கு இழுத்துப் போனவன் பனிக்கட்டியில் சறுக்கி, தொட்டியோடு தெருமுனை வரைக்கும் போனேன். கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. ஹீட்டரும் அன்று பார்த்து நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் புத்தாண்டு முடிந்துதான் வருவாராம். கோட்டைப் போட்டுக்கொண்டு படுக்கிறேன்.

இந்தக் காலோடு பதினான்கு மணி நேரம் விமானத்தில் உட்கார முடியாது. பொங்கலுக்கு வர இயலாது, அக்கா. கோபித்துக்கொள்ளாதே. நீ கேட்ட பொருளை மட்டும் எப்படியாவது சேர்ப்பித்துவிடுகிறேன். இத்தனை வருடத்தில் நீ என்னிடம் எதையுமே கேட்டதில்லை.

உன் அன்புத் தம்பி,
குணாளன்

*

மூவார்
11 ஜனவரி 2024

அன்புத் தம்பிக்கு,

கணுக்கால் எப்படி இருக்கிறது? நான் இங்கே தேறிவிட்டேன்.

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். உள்ளே கை வாடிய முருங்கைக்காய் போல இருக்கிறது. ஈரத்துணியைப் பிழியச் சொல்கிறார்கள், ரப்பர் பந்தை அமுக்கச் சொல்கிறார்கள். பேனா பிடித்தால் இன்னும் நடுங்குகிறது. அதனால் உன் மச்சானுக்கு வேலை போகவில்லை.

ஒன்று கேட்கிறேன். 'நீ கேட்ட பொருள்' என்று எழுதியிருந்தாயே, நான் என்ன கேட்டேன்? எனக்கு நினைவே இல்லை. இவரைக் கேட்டால், "வலி மாத்திரை மயக்கத்துல ஏதாச்சும் சொல்லிருப்ப" என்கிறார். எதுவாக இருந்தாலும் அனுப்பாதே. நீ வந்தால் போதும்.

நீ வரவில்லை என்று படித்துக் காட்டினேன். இவர் எழுந்து போய், மழை விட்டிருந்த நேரத்தில் கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். அவருக்கு உடம்பு மெலிகிறது, தம்பி. எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

பொங்கல் வாழ்த்துகளுடன்,
அக்கா யோகேஸ்வரி

பி.கு.: காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவு. மறுபடியும் சொல்கிறேன், தபாலில் வேண்டாம்.

*

அபர்தீன்
25 ஜனவரி 2024

அன்புள்ள அக்கா,

உன் கை பந்தை அமுக்கிப் பழகட்டும். மச்சானை நல்ல டாக்டரிடம் காட்டு.

ஹீட்டர் வேலை செய்கிறது. இப்போது பூட்டு உறைந்துபோகிறது. நேற்று சாவித் துவாரத்தில் வெந்நீர் ஊற்றினேன், அதுவும் உறைந்துவிட்டது. கால் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. பொருளை மூன்று நாள் முன்னால் பார்சலில் போட்டுவிட்டேன். திட்டாதே. இந்த ஊரில் கிடைக்காமல் கிளாஸ்கோ வரைக்கும் ரயிலில் போய், நாலு கடை ஏறி இறங்கி வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் உனக்கே ஞாபகம் வரும்.

அக்கா, மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். வா, வா என்று நீ கூப்பிடுகிறாய். அந்த வீட்டு வாசலில் வந்து நின்றால் அவர் என்ன செய்வார்? உள்ளே எழுந்து போய்விட்டால் நான் அந்த நடுக்கூடத்தில் யாராக நிற்பது? நீ சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார், சரி. அவர் பெயரில், அவராக, ஒரே ஒரு வரி எழுதட்டும். நான் மறுநாளே கிளம்புகிறேன்.

ஏக்கத்துடன்,
குணாளன்

*

மூவார்
8 பிப்ரவரி 2024

குணா,

காளிதாஸ் எழுதுகிறேன். இது உன் அக்கா சொல்லி எழுதுவது இல்லை. அவள் பசாருக்குப் போயிருக்கிறாள். நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ உண்மை சொல்லப்போவதில்லை.

என் பெயரில் ஒரு வரி கேட்டாய். வா.

அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் சேலையைக் கேட்டது உன் அக்கா இல்லை, நான். அவள் கையெழுத்துப் போட்ட பிறகு, தபால் நிலையத்தில் நின்று எழுதிச் சேர்த்தேன். தீபாவளிக்கு முன்பே பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கல்லீரலில் புற்று, முற்றிவிட்டது, மூன்று மாதம், மிஞ்சினால் நான்கு. அவளிடம் சொல்லலாம் என்று நான் வாயெடுத்த அன்றைக்குத்தான் முறுக்கு சுடப் போய் விழுந்தாள். கை ஒடிந்து கிடப்பவளிடம் எப்படிச் சொல்வது? கை ஆறட்டும் என்று தள்ளிப் போட்டேன். கை ஆறிவிட்டது. எனக்குத்தான் வாய் வரவில்லை.

நான் போனால் பதினாறாம் நாள் அவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? என் அப்பா போனபோது அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டார் பாவம் பார்த்து ஒரு சேலை போட்டார்கள். அந்தச் சேலையை அம்மா கடைசிவரை கட்டவில்லை, தூக்கிப் போடவும் இல்லை. யோகாவுக்கு அது வேண்டாம். அதனால்தான் உன் கையால் என்று எழுதினேன். சாகப்போகிறேன் என்று எழுதியிருந்தால் நீ சாவுக்கு வந்திருப்பாய். நான் உன்னைப் பொங்கலுக்குக் கூப்பிட்டேன்.

உங்கள் அப்பா விஷயம். அன்று எனக்குக் கோபம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். மூன்று வருடம் கழித்து நம் ஊர் மணியம் லண்டனிலிருந்து வந்து சொன்னான், அப்போது உன்னிடம் பேப்பர் இல்லை, கிளம்பினால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள் என்று. அன்றே கோபம் போய்விட்டது. சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கத்தான் பத்து வருடம் ஆகிறது. உன் கடிதங்களை அவள் படித்து டப்பாவில் போட்ட பிறகு நானும் எடுத்துப் படிப்பேன். ஒன்று விடாமல்.

கீழே என் போன் நம்பர். கிடைத்ததும் கூப்பிடு. ஸ்பீக்கரில் போடுகிறேன். இந்த வீட்டில் உன் குரல் கேட்கட்டும்.

கிளாஸ்கோவில் நாலு கடை ஏறி இறங்கிய காலுக்கு மூவார் வர முடியாதா? தபாலில் போட்டுவிட்டாயே, மடையா.

உன் மச்சான்,
காளிதாஸ்

*

மூவார்
22 பிப்ரவரி 2024

அன்புத் தம்பிக்கு,

இது என் கையெழுத்துதான். கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். உன் சுகத்தைக் கேட்டு எழுத ஆரம்பிக்க வேண்டும். முடியவில்லை.

உன் மச்சான் ஞாயிற்றுக்கிழமை, பதினெட்டாம் தேதி காலையில் போய்விட்டார். "கொஞ்சம் சுடுதண்ணி கொடு" என்றார். கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்தபடி இருந்தார். தண்ணீர் டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அவர் சட்டைப்பையில் ஆஸ்பத்திரி அட்டை இருந்தது. தேதி அக்டோபர் முப்பது. அவ்வளவு நாளும் என் தலையைப் பின்னிவிட்டிருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லாமல். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. இப்போது இரண்டும் வருகிறது.

உனக்கு ஏன் போன் பண்ணவில்லை என்று கேட்பாய். செல்வா உன் நம்பரைத் தேடி எடுத்துவிட்டான். நான்தான் தடுத்தேன். அப்போது அவர் கூடத்தில் கிடந்தார். உன் குரல் இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்று சொன்னவர் அவர். கடைசி நாளில் அவர் சொல்லை மீற எனக்கு மனசு வரவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் போனை எடுத்தேன், கை வரவில்லை. ஒரு வரிக்கு இருபது நிமிஷம் பிடித்தாலும் எழுதத்தான் வருகிறது.

திங்கட்கிழமை தூக்கும் நேரத்தில் கேட்டில் தபால்காரர் வந்து நின்றார். உன் பார்சல். செல்வா கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தான். மாம்பழ மஞ்சளில் சேலை. கூட்டத்தில் ஒரு அம்மா, "பாருங்களேன், பொறந்த வீட்டுக் கோடி வந்துருச்சு!" என்றார். உனக்கு எப்படித் தெரியும்? நான் சேலை கேட்கவே இல்லையே, தம்பி. நான் கேட்டதாகச் சொல்லும் அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பு. அவர் கையெழுத்தில் அதைப் பார்க்க வேண்டும்.

உன் கடைசிக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வரி கேட்டிருந்தாயே. கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். உன் ஆசை நிறைவேறாமலே போய்விட்டது. அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

உன் அக்கா,
யோகேஸ்வரி

*

அபர்தீன்
5 மார்ச் 2024

அக்கா,

இரண்டு உறைகள் இன்று ஒன்றாக வந்தன. ஒன்று மச்சான் எழுத்து. சீனப் பெருநாள் விடுமுறையில் எங்கே கிடந்து தூங்கியதோ, நாலு வாரம் எடுத்திருக்கிறது. இன்னொன்றில் யாருடைய எழுத்து என்றே தெரியவில்லை. அதனால் மச்சானுடையதை முதலில் பிரித்தேன்.

படித்ததும் ஓடிப் போய்ப் பெட்டியை எடுத்தேன். வியாதி என்று படித்தேன், ஆனாலும் என் மனசு 'வா' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டது. இன்னும் நாள் இருக்கிறது, போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் கொடுத்த நம்பருக்குக் கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. தூங்குவார், அப்புறம் கூப்பிடலாம் என்று உன் உறையைப் பிரித்தேன். அக்கா, அந்த ஐந்து நிமிடம் நான் பன்னிரண்டு வருடத்தில் இல்லாத சந்தோஷமாக இருந்தேன்.

அவர் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். சேலை கேட்ட கடிதத்தையும். நீ மன்னிப்புக் கேட்க வேண்டியதே இல்லை. அவர் எழுதினார், அக்கா. ஒரு வரி கேட்டேன், முழுக் கடிதம் எழுதினார்.

கேட்க வேண்டியவன் நான். கணுக்கால் வீக்கம் புத்தாண்டுக்கு முன்பே வடிந்துவிட்டது. குழாய், ஹீட்டர், பூட்டு எல்லாம் உண்மை. கால் மட்டும் பொய். பயந்துவிட்டேன். அன்று அப்பாவுக்கு டிக்கெட் இல்லை என்றேன், இன்று மச்சானுக்குக் கால் இல்லை என்றேன். பதினாறாம் நாளும் நேற்றோடு போய்விட்டது. நான் எதற்குமே நேரத்துக்கு வராதவன்.

மார்ச் முப்பதாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அதற்கு முன் லீவு தர மறுக்கிறார்கள். கேட்டில் நின்று கூப்பிடலாமா, அக்கா? அவர் இல்லாத வீட்டில் என் குரல் கேட்கலாமா? அதை மட்டும் எழுது.

குணா

*

மூவார்
17 மார்ச் 2024

அன்புத் தம்பி குணாவுக்கு,

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? நான் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறேன்.

உன் உறையில் அவர் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். 'அவள் பசாருக்குப் போயிருக்கிறாள்' என்று இருக்கிறதே, அன்று அவருக்கு மீன் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது குடையோடு வாசலில் நின்றார். "இந்த மழையில எங்க போனீங்க?" என்று கேட்டேன். "சும்மா, கால் நீட்டிட்டு வந்தேன்" என்றார். உனக்குத் தபால் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

ஐந்தாம் தேதி அவர் போன் அடித்தது எனக்குத் தெரியும். வெளிநாட்டு நம்பர். "ஸ்கேமர், எடுக்காதீங்க சித்தி" என்றான் செல்வா. மணி நிற்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நீயா?

பதினாறாம் நாள் மணியத்தின் மனைவி ஒரு சேலையோடு வந்து பக்கத்தில் நின்றாள். நல்லவள். உன் மஞ்சள் சேலையை எடுத்து அவளே போட்டுவிடட்டும் என்றும் சொன்னார்கள். இரண்டும் வேண்டாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று அன்று எனக்கே தெரியாது. அவர் கடிதத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது. சேலை மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருக்கிறது. வந்து உன் கையால் எடுத்துப் போடு. நாள் தாண்டிப் போனால் பரவாயில்லையா என்று சடங்கு செய்த பண்டாரத்தைக் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். யோசிக்கட்டும். சொன்னவர் உன் மச்சான். எனக்கு அது போதும்.

அன்று அவர் சொல்லை மீறக் கூடாது என்று நினைத்துத்தான் உனக்குப் போன் பண்ணாமல் இருந்தேன். அவர் அதைப் பத்து நாள் முன்னாலேயே மாற்றி எழுதிவிட்டார். அது உன்னிடம் வரும் வழியில் இருந்தது, எனக்குத் தெரியவில்லை.

கேட்டில் நின்று கூப்பிடலாமா என்று கேட்கிறாய். அவர் படம் கூடத்தில் இருக்கிறது. அங்கே கேட்கிற மாதிரி சத்தமாகக் கூப்பிடு.

கை ஆறிவிட்டது. காத்திருக்கிறேன்.

உன் அக்கா,
யோகேஸ்வரி